பறவைக் குழுவை மாஸ்டடானில் ஏற்றிய கதை

கோவையில் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் 62 பேர். சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், குறிச்சிக் குளம், ஞாயிற்றுக்கிழமை என்றால் சூலூர் வரைக்கும். இத்தனை வருடமும் எல்லாம் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில்தான் நடந்தது. ஒருவர் அதிகாலையில் முட்டி வரை சேற்றில் நின்று எடுத்த உள்ளான் படம், ஏழு மணிக்கெல்லாம் நாலு ரோஜாப்பூ குட் மார்னிங்குக்கு அடியில் போய்ச் சேரும். போன வருடம் நத்தைக்குத்தி நாரைகள் எந்த வாரம் வந்தன என்று தேடினால் கிடைக்காது. படத்தைப் பெரிதாக்கினால் இறகே தெரியாது, வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

2024 அக்டோபரில் மாஸ்டடான் 4.3 வெளிவந்திருந்த சமயம். மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளத்துக்கான மென்பொருள்; யார் வேண்டுமானாலும் தன் சொந்தச் சர்வரில் வைத்து நடத்தலாம், அந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். "நமக்கே நமக்கு ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு கூட்டத்தில் வாயைக் கொடுத்தேன். சரி, நீயே செய் என்று விட்டுவிட்டார்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். அதற்குள் ஆட்களை ஏற்றிவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டேன்.

சர்வர் நிறுவுவதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டு கோர், 4 ஜிபி ராம், 80 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு வாடகைச் சர்வர், இரண்டு சாயங்காலம், நிறையக் காபி. யோசித்துச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: டொமைன் பெயர். அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதி, ஆட்கள் சேர்ந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எல்லோருடைய முகவரியிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். '.இந்தியா' என்று தமிழிலேயே டொமைன் வாங்கலாமே என்று எனக்கு ஆசை. ஆனால் தமிழ் டொமைன் உள்ளுக்குள் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் பயணம் செய்யும். எந்த மென்பொருள் அதைத் தமிழாகக் காட்டும், எது குப்பையாகவே காட்டும் என்று நம்ப முடியாது. விட்டுவிட்டேன். குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில், எட்டே எழுத்தில் வாங்கினேன். போனில் சொன்னால் எதிரே இருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் கணக்கு.

எல்லாம் தயார். வாட்ஸ்ஆப்பில் ஒரு நீண்ட செய்தி போட்டேன். மையமில்லாத சமூக வலைத்தளம் என்றால் என்ன, சர்வர்கள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பரிந்துரையாக ஏற்றது, யூஜென் ரோச்கோ 2016-ல் ஜெர்மனியில் இதைத் தொடங்கியது, விளம்பரம் கிடையாது, அல்காரிதம் கிடையாது என்று. இப்போது படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 62 பேரில் 41 பேர் கட்டைவிரல் போட்டார்கள். சேர்ந்தது 9 பேர். அதில் பதிவு போட்டது 2 பேர், அதில் ஒருவன் நான்.

டீச்சர் வீட்டுத் திண்ணை

குழுவிலேயே அதிகம் பறவை பார்ப்பவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். அவரும் சேரவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "டீச்சர், நீங்களே சேருங்க. நான் பக்கத்துல உக்காந்துட்டு வாயே திறக்க மாட்டேன்" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்ப்பதுதான் திட்டம். சாதாரண விஷயம் போலத் தெரியும். முயன்று பாருங்கள், நாக்கு அரிக்கும்.

முதலில் விதிமுறைகள் பக்கம் வந்தது. இன்னொரு சர்வரிலிருந்து பார்த்துப் பன்னிரண்டு விதி எழுதி வைத்திருந்தேன். டீச்சர் பரீட்சைத்தாள் மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாவதில் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்தது பயனர்பெயர். பெயரைத் தமிழில் அடித்தார், சிவப்பில் பிழை. அந்தப் பெட்டி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டும்தான் ஏற்கும். ஆங்கிலத்தில் அடித்தார், இனிஷியலுக்குப் புள்ளி வைத்தார், மறுபடி சிவப்பு. புள்ளியை எடுத்துவிட்டு இடைவெளி விட்டார், மறுபடி சிவப்பு. "ஏனுங் தம்பி, எம்பேரு நல்லா இல்லீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் இருப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல். ஓடிபி போனுக்கு வரும் என்று மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நம் ஊரில் வங்கி முதல் சிலிண்டர் வரை எல்லாம் போன் எண்ணோடுதான் நடக்கிறது; மின்னஞ்சல் என்பது போன் வாங்கும்போது கடைக்காரப் பையன் போட்டுக்கொடுத்த ஏதோ ஒன்று. மாஸ்டடானில் போன் எண் வைத்துச் சேரும் வழியே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து நானே வாயைத் திறந்து, மின்னஞ்சலைப் பார்க்கச் சொன்னேன். அதுவும் ஸ்பாமில் கிடந்தது. சுட்டியைத் தட்டினார், மின்னஞ்சல் ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறந்து கணக்கு உறுதியாயிற்று. அதை மூடினார். மாஸ்டடான் ஆப்பைத் திறந்தார். அது "எந்தச் சர்வர்?" என்று மறுபடி முதலிலிருந்து கேட்டது. ஒருவழியாக அதைக் கடந்து, உள்ளே போக மின்னஞ்சல் முகவரியைக் கேட்ட இடத்தில் தன் புது மாஸ்டடான் முகவரியை அடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுமே @ வைத்த முகவரிதானே.

மொத்தம் 34 நிமிடம். கடைசியில் உள்ளே போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்னது: "உள்ளுக்கு ஒண்ணுமே இல்லீங்களே தம்பி. வெறிச்சோன்னு கெடக்குது."

அந்த வாசகத்தை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன்.

பழுது பார்த்தது

முதலில் மின்னஞ்சல். வாடகைச் சர்வர்களில் 25-ஆம் போர்ட்டைப் பொதுவாக அடைத்து வைத்திருப்பார்கள்; அதனால் ஒரு மின்னஞ்சல் சேவை வழியாக 587-இல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்புவது ஒழுங்காகவே போனது. சர்வரின் பின்னணி வேலைகளைக் காட்டும் சைட்கிக் பக்கத்தில், அனுப்ப வேண்டிய கடிதங்கள் நிற்கும் மெயிலர்ஸ் வரிசை காலியாக இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். வரிசை காலி என்றால் கடிதம் தபால்பெட்டியை விட்டுப் போயிற்று என்றுதான் பொருள். வீட்டுக்குள் வந்ததா, குப்பைக்கூடையில் விழுந்ததா என்பது அதில் தெரியாது. எங்கள் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு போட்டிருந்தேன், கடிதம் எங்களுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையெழுத்தை மறந்திருந்தேன். டொமைன் புதியது என்பதால் சந்தேகமும் கூடுதல். டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்-இல் டிகிம் வரியைச் சேர்த்து, கூடவே இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் போட்டபிறகு இன்பாக்ஸில் விழ ஆரம்பித்தது. அப்படியும் மின்னஞ்சலே திறக்கத் தெரியாதவர்களுக்கு, நிர்வாகப் பக்கத்தில் கணக்கைக் கையாலேயே உறுதிப்படுத்தும் பொத்தான் இருக்கிறது. ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் நான் அதைத்தான் அழுத்துகிறேன். குளக்கரையில் நேரில் பார்த்த மனிதர் இவர்தானா என்பதை மின்னஞ்சல் வந்து சொல்ல வேண்டியதில்லை.

விதிகளைப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாக வெட்டினேன். அதில் முதலாவது: "கூடு இருக்கும் இடத்தை எழுதாதீர்கள், படத்திலும் அடையாளம் தெரியக்கூடாது." இரண்டாவது, பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்காதீர்கள். இதைப் படித்தபிறகுதான் பலருக்கு இது நம் இடம் என்று பட்டிருக்கிறது. வெறுப்புப் பேச்சு கூடாது என்பது எல்லா இடத்திலும் எழுதியிருப்பது, கண்ணில் படாமலே போய்விடும். கூடு பற்றிய விதி அப்படியில்லை. ஒருவர் "இத மொத வாட்ஸ்ஆப் குரூப்ல போடுங்க" என்று போன் போட்டார்.

ஆப் வேண்டாம் என்று முடிவு செய்தேன், முதல் வாரத்துக்காவது. பிரவுசரிலேயே சேர்ந்து, பிரவுசர் மெனுவில் முகப்புத் திரையில் சேர்க்கும் வசதியைத் தட்டினால் ஆப் மாதிரியே ஒரு படம் வந்து உட்கார்ந்துகொள்ளும்; அறிவிப்புகளும் வரும். ஐபோனிலும் 16.4 பதிப்பிலிருந்து இப்படி வைத்த வலைத்தளங்களுக்கு அறிவிப்பு வருகிறது. எந்தச் சர்வர் என்ற கேள்வி எழவே எழாது, ஏனென்றால் அது எங்கள் சர்வரின் பக்கம்தான்.

ஆப் கதையில் என் தவறு ஒன்று உண்டு. முதல் செய்தியில் "ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தேன். அதிகாரபூர்வ ஆப்பில், 2023 மே முதல், சேரும் இடத்தில் பெரிய பொத்தான் மாஸ்டடானை உருவாக்குபவர்களே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் சர்வருக்குத்தான், வேறு சர்வர் தேர்ந்தெடுப்பது அதற்குக் கீழே. 2022 அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் வந்த கூட்டம் "சர்வரைத் தேர்ந்தெடு" என்ற பக்கத்திலேயே திகைத்து நின்றதைப் பார்த்தபிறகு செய்த மாற்றம் அது. எல்லோரையும் ஒரே இடத்தில் குவிக்கிறார்களே என்று பழைய ஆட்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு என்னவோ அது சரி என்றுதான் படுகிறது. பசியோடு வந்தவனிடம் அரிசி என்ன ரகம் என்று கேட்டால் அவன் எழுந்துதான் போவான். நான் செய்திருக்க வேண்டியது, அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் சார்பில் நானே பதில் சொல்லி ஒரே ஒரு சுட்டியைக் கையில் கொடுப்பது. அதைச் செய்யாததால் ஆறு பேர் பெரிய பொத்தானை அழுத்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள், எங்கள் சர்வரில்தான் இருக்கிறோம் என்ற நினைப்பில்.

அவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கணக்கை மாற்றும் வசதி இருக்கிறது: பின்தொடர்பவர்கள் தானாகவே புது முகவரிக்கு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் வராது, அவை அங்கேயே நிற்கும். ஆறு பேருக்கும் போன் போட்டு அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கப் போகிறது. அதற்காகத்தானே இத்தனை பாடு.

சிம் கார்டு

இதை எப்படி விளக்குவது என்பதில் நான் வெகுநாள் தடுமாறினேன். மின்னஞ்சல் மாதிரி என்பார்கள். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அனுப்புவது போல. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்றாலே ஜிமெயில்தான், இன்னொன்று இருப்பதே தெரியாது. உவமையை விளக்க இன்னொரு உவமை தேவைப்பட்டது.

வேலை செய்தது சிம் கார்டு. "உங்ககிட்ட ஏர்டெல், எங்கிட்ட ஜியோ. நான் கூப்பிட்டா நீங்க எடுக்கறீங்களா இல்லையா? எடுக்கறதுக்கு நீங்களும் ஜியோ வாங்கணுமா?" அவ்வளவுதான், முகம் தெளிந்துவிடும். ஆனால் இதில் ஓட்டை உண்டு: நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது, மாஸ்டடானில் சர்வர் மாறினால் முகவரியும் மாறிவிடும். அதைக் கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

முகவரியை விளக்கும் வேலையை எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற தபால்காரர் எடுத்துக்கொண்டார். முதல் @, இரண்டாவது @ என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தார். "மொதல்ல ஆளு பேரு, அப்புறம் ஊரு பேரு. ஒரு ஊர்ல ஒரே முருகேசன்தான் இருக்க முடியும், அடுத்த ஊர்ல இன்னொரு முருகேசன் இருக்கலாம். ஊர் பேரு போடாட்டி கடுதாசி நம்ம ஊருக்குள்ளயே சுத்தும். சரிதான தம்பி?" நூற்றுக்கு நூறு சரி. ஊர் பெயர் இல்லாமல் @ போட்டால் மாஸ்டடான் உள்ளூரில்தான் ஆளைத் தேடும்.

வெறிச்சோடிய வீடு

அடுத்தது டீச்சர் சொன்ன வெறுமை. இதில்தான் அதிகம் சொதப்பினேன்.

மாஸ்டடானின் முகப்பு ஓடையில் நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளும் நாம் பின்தொடரும் குறிச்சொற்கள் (ஹேஷ்டேக்) உள்ள பதிவுகளும்தான் வரும். யாரையும் தொடராவிட்டால் எதுவும் வராது. அதோடு, புதுச் சர்வருக்கு வெளி உலகமே தெரியாது. எங்கள் சர்வரில் ஒருவராவது ஒரு வெளியாளைப் பின்தொடர்ந்தால்தான் அந்த ஆளின் புதுப் பதிவுகள் இங்கே வர ஆரம்பிக்கும். குறிச்சொல்லைத் தேடினாலும் இங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்தவற்றிலிருந்துதான் எடுத்துக் காட்டும். பெரிய சர்வரில் ஆயிரம் பேர் ஆயிரம் திசையில் பின்தொடர்ந்து வைத்திருப்பதால் குட்டை எப்போதும் நிறைந்திருக்கும். எங்களுடையது வாய்க்காலே வெட்டாத குட்டை.

சரி, வாய்க்கால் வெட்டுவோம் என்று ஒரு பெரிய ரிலேயில் சேர்ந்தேன். ரிலே என்பது பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை வாங்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்பும் இடம். வாய்க்கால் கேட்டவனுக்கு அணை உடைந்தது. பொது ஓடையில் நொடிக்கொன்று ஓடியது. முக்கால்வாசி ஜப்பானிய மொழியில். புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவி "அண்ணா, நம்ம சர்வர யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று இரவு பதினொரு மணிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். ஒன்பதாம் நாள் டிஸ்க் 96 சதவீதம். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு படத்தையும் சர்வர் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், நாமாகச் சொல்லாவிட்டால் அழிக்கவும் செய்யாது என்பதை அன்றைக்குத்தான் உறைக்கும்படி கற்றேன். ரிலேயை நிறுத்தி, ஏழு நாளுக்கு மேலான வெளிப் படங்களை அழிக்கும்படி அமைத்தபிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது குறிப்பிட்ட குறிச்சொல் உள்ள பதிவுகளை மட்டும் அனுப்பும் ரிலே ஒன்றை வைத்திருக்கிறேன். பறவை தொடர்பாக மூன்று ஆங்கிலக் குறிச்சொற்கள், அவ்வளவே. கூடவே நிர்வாகப் பக்கத்தில், புதிதாக வருபவர்களுக்கு எப்போதும் பரிந்துரைக்க வேண்டிய கணக்குகள் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் எங்கள் குழுவின் பத்துச் சுறுசுறுப்பான ஆட்களைப் போட்டேன். ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் 2024 ஜூன் முதல் ஸ்டார்ட்டர் பேக் என்று வைத்திருக்கிறார்கள்: ஒரு சுட்டியைத் தட்டினால் ஒரு வட்டத்தின் ஆட்களை மொத்தமாகப் பின்தொடரலாம். நல்ல யோசனை, பொறாமையாகத்தான் இருக்கிறது. அதற்கு ஈடாக நான் செய்தது அழைப்புச் சுட்டி. மாஸ்டடானில் யாரும் அழைப்புச் சுட்டி உருவாக்கலாம். அதில் ஒரு சின்னப் பெட்டியை டிக் செய்தால், அந்தச் சுட்டி வழியாகச் சேர்பவர் அழைத்தவரைத் தானாகவே பின்தொடர்வார். அந்தச் சுட்டியை க்யூஆர் கோடாக அச்சடித்து, அரைப் பக்கத் தாளில் நாலே படியோடு, பைனாகுலர் பைக்குள் வைத்துக்கொண்டேன். பயனர்பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக: "ஆங்கில எழுத்து மட்டும். புள்ளி வேண்டாம். இடைவெளி வேண்டாம். உங்கள் தமிழ்ப் பெயரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்."

டிசம்பர் முடிவதற்குள் 31 பேர் வந்துவிட்டார்கள். சராசரி ஆறு ஏழு நிமிடம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

டீச்சரின் மூன்று படங்கள்

ஜனவரி முதல் வாரத்தில் டீச்சரைக் குளத்தில் பார்த்தேன். "அதுல ஒண்ணும் போடறதில்லீங்களா டீச்சர்?" என்றேன். "போட்டனுங்களே. மூணு போட்டோ போட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. நல்லா இல்ல போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூன்றும் அருமையான படங்கள். அவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்தால், பூச்சியம்.

அழைப்புச் சுட்டியில் தானாக நடக்கும் பின்தொடர்தல் ஒருவழிப் பாதை. வந்தவர் என்னைப் பின்தொடர்வார். நான் அவரைப் பின்தொடர மாட்டேன், நானாகப் போய் அழுத்தினால் தவிர. நான் அழுத்தவே இல்லை. புதிதாக வருபவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்றே இரண்டு மாதம் யோசித்தவன், அவர் யார் கண்ணுக்காவது தெரிகிறாரா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் சர்வர் ஆட்கள் எல்லோருடைய பொதுப் பதிவுகளும் வரும் உள்ளூர் ஓடையில் அவர் படங்கள் இருந்தன, ஆனால் அதை யார் தினமும் போய்ப் பார்க்கிறார்கள்? அல்காரிதம் கிடையாது என்று அந்த முதல் செய்தியில் பெருமையாக எழுதியிருந்தேனே, அதன் மறுபக்கம் இது. புது ஆளைக் கூட்டத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த இயந்திரம் எதுவும் இங்கே இல்லை. யாராவது ஒரு மனிதர் தன் கையால் செய்ய வேண்டும்.

குறிச்சொல் போட்டிருந்தாரே, அது வெளியே போயிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்காது. ஒரு பதிவு வெளிச் சர்வருக்குப் போக வேண்டுமென்றால், அங்கே யாராவது எழுதியவரைப் பின்தொடர வேண்டும், அல்லது வெளியே ஆட்களை உடைய ஒருவர் அதை பூஸ்ட், அதாவது மறுபகிர்வு, செய்ய வேண்டும். பூஸ்ட் செய்தால், செய்தவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கெல்லாம் அது போகும். விருப்பக்குறி போட்டால் எழுதியவருக்குச் சந்தோஷம், பதிவு அதே இடத்தில்தான் நிற்கும். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஃபேஸ்புக் பழக்கத்தில் விருப்பக்குறியோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவே 31 பேரையும் நான் பின்தொடர்ந்தேன். எல்லோரும் எல்லோரையும் தொடர என்ன வழி? உறுப்பினர் முகவரிகளை வரிக்கு ஒன்றாக எழுதி ஒரு சிஎஸ்வி கோப்பு செய்து, அமைப்புகளில் இறக்குமதி செய்யும் இடத்தில் ஏற்றச் சொல்லிக் குழுவில் போட்டேன். அங்கே இரண்டு தேர்வு இருக்கும்: இருப்பதோடு சேர், இருப்பதை அழித்துவிட்டு எழுது. சேர் என்பதுதான் முன்னிருப்பாக இருக்கும், அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒருவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டுப் பறவையாளர்கள் 140 பேரை மாதக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்த மனிதர். எல்லாம் போய் எங்கள் 31 பேர் மட்டும் மிச்சம். அவர் அதற்கு முன் தன் பட்டியலை ஏற்றுமதி செய்து வைத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் பட்டியலிலிருந்து அவருக்குப் பொருந்தும் ஆட்களை எடுத்து அனுப்பினேன். இப்போது நான் சொல்லும் முதல் வரி: "முதலில் ஏற்றுமதி, பிறகுதான் இறக்குமதி."

அதன்பின் இது ஒரு முறை வேலையாகவே ஆகிவிட்டது. இரண்டு பேரை வாசல் பார்த்துக்கொள்ளும் ஆட்களாக வைத்தோம், நானும் தபால்காரரும். யாராவது சேர்ந்தால் அன்றைக்கே இருவரும் பின்தொடர்வோம். அவருடைய முதல் பதிவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போடுவோம். "அருமை" என்ற ஒற்றைச் சொல் செல்லாது. எந்தக் குளம், எத்தனை மணிக்கு, தனியாகவா ஜோடியாகவா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்டால்தான் அவர் திரும்ப வருவார். பிறகு நான் பூஸ்ட் செய்வேன். என் பழைய கணக்கை இங்கே மாற்றிக் கொண்டுவந்திருந்ததால் வெளியே சில நூறு பறவை ஆட்கள் என்னோடு வந்திருந்தார்கள். அந்த வாய்க்கால் இப்படித்தான் கடைசியில் வெட்டப்பட்டது.

சில்லறை விஷயங்கள்

சேர்க்கையை ஒப்புதல் முறையில் வைத்திருக்கிறேன். 2024 பிப்ரவரியில் கவனிப்பாரற்ற திறந்த சர்வர்கள் வழியாக ஸ்பாம் வெள்ளம் வந்தபிறகு, நிர்வாகி ஒரு வாரம் தலைகாட்டாவிட்டால் சேர்க்கை தானாக ஒப்புதல் முறைக்கு மாறும்படி மாஸ்டடானே செய்துவிட்டது. ஒப்புதல் முறையில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்று ஒரு பெட்டி வரும். ஸ்பாம் ஆட்கள் அதில் சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதுகிறார்கள், சமூகத்தோடு இணைவதில் உள்ள ஆர்வம் பற்றி. எங்கள் ஆட்கள் "சும்மா" என்று எழுதுகிறார்கள். சும்மா என்று எழுதியவர்களை யோசிக்காமல் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவின் மொழியையும் பார்க்க வேண்டும். இடைமுகம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதினாலும் ஆங்கிலம் என்றே முத்திரை விழலாம். தமிழ்ப் பதிவுகள் மட்டும் போதும் என்று வடிகட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் அது படாது. தமிழ் இடைமுகம் இருக்கிறது, ஆனால் பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக இருப்பதால் சிலருக்கு அது இன்னும் குழப்பம். மொழிபெயர்ப்பில் என்னால் முடிந்ததைச் செய்கிறேன், சர்வருக்கு "சேவையகம்" என்று போடுவதா "வழங்கி" என்று போடுவதா என்ற சண்டை தனி.

குறிச்சொல்லில் சந்தி ஒரு தலைவலி. நீலத்தாழைக்கோழி, நீல_தாழைக்கோழி, நீலதாழைக்கோழி மூன்றும் மாஸ்டடானுக்கு மூன்று வெவ்வேறு பறவைகள். டீச்சரே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார், ஒற்று மிகும் இடம் மிகா இடம் பார்த்து. அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறேன்.

இன்னும் தீராதது ஒன்று: வெளிச் சர்வரின் சுட்டியை யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அதைத் தட்டினால் அந்தச் சர்வரின் பக்கம் திறக்கும், அங்கே நாம் அந்நியர். பின்தொடர் பொத்தானை அழுத்தினால் உங்கள் சர்வர் எது என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது, 4.2 முதல். அப்படியும் பாதிப் பேர் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். சுட்டியை நகலெடுத்து நம் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 4.5-க்கு மாற்றியபின் வெளியே விடுபட்ட பதில்களைச் சர்வரே தேடிக் கொண்டுவருவது மட்டும் ஒரு ஆறுதல்.

இப்போது 47 பேர். வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதுபவர்கள் 19. வாட்ஸ்ஆப் குழு அப்படியே இருக்கிறது, ரோஜாப்பூக்களோடு. மாதம் 1,100 ரூபாய் செலவு. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறோம்.

போன மாதம் டீச்சர் நீலத்தாழைக்கோழி ஒன்றைப் போட்டிருந்தார், ஆகாயத்தாமரை மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நான் பூஸ்ட் செய்தேன். நெதர்லாந்துச் சர்வர் ஒன்றிலிருந்து ஒருவர், எங்கள் கால்வாயிலும் இதன் உறவுக்காரர் உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு படம் போட்டார். கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி. டீச்சர் அதற்குத் தன் ஆங்கிலத்தில் பதில் எழுதினார்: இதை நாங்கள் நாமக்கோழி என்போம், நெற்றியில் நாமம் இட்டிருக்கிறது பாருங்கள், என்று. நாமம் என்றால் என்ன என்று அவர் கேட்க, டீச்சர் தாளில் வரைந்து படம் பிடித்துப் போட, பேச்சு இருபது பதிலுக்கு ஓடியது.

மறுநாள் காலை எனக்குப் போன்.

"தம்பி, அந்த நெதர்லாந்துக்காரரு நல்ல மனுசனுங்க. அவருக்கும் நம்ம லிங்க் அனுப்பிச் சேத்துக்கலாமுங்களா?"

"அவரு சேர வேண்டியதில்லீங்க டீச்சர். அங்க இருந்தே பேசலாம். சிம் கார்டு சொன்னனே."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அவரு ஜியோங்களா?"